பக்கவாதம் கண்டவரைப் பேணுதல்: கரிசல் வீடுகளுக்கான குறிப்புகள்

மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதாலோ இரத்தக் குழாய் வெடிப்பதாலோ உண்டாகும் பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்புபவரின் மீட்சி, குடும்பத்தாரின் அன்றாடக் கவனிப்பைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. கரிசல் நிலமான கோவில்பட்டி வட்டாரத்தின் வெயிலையும் மண்ணையும் கருதி, பின்வருவன கடைப்பிடிக்கத் தக்கவை.

● படுக்கை: ஒரே இடத்தில் எடை நெடுநேரம் அழுந்தித் தோல் சிதைவதே படுக்கைப்புண் ஆதலால், 2 மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, வாலெலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் நிறமாற்றம் தென்படுகிறதா என்று நாள்தோறும் பார்ப்பதுடன், வியர்வையில் நனைந்த விரிப்பையும் உடனே மாற்ற வேண்டும்.

● உணவு: விழுங்கும் திறன் குறைந்தவருக்கு நீர்த்த பானம் மூச்சுக்குழாயில் புகக்கூடும் என்பதால், மருத்துவரின் ஒப்புதலுடன், நிமிர்ந்து உட்காரவைத்து, கட்டியின்றிக் கெட்டியாகக் கரைத்த கம்மங்கூழைச் சிறு கரண்டியால் ஊட்டலாம்; உண்டபின் 30 நிமிடம் படுக்கவைக்கலாகாது.

● நடை: கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால் தரையும் முற்றமும் மேடுபள்ளமாகின்றன, ஆகவே வெடிப்புகளை அடைத்து, கழிப்பறை வரை கைப்பிடிக் கம்பி பொருத்திய பின்னரே நடைப்பயிற்சியைத் தொடங்குவதும், ஊன்றுகோலை வலுவுள்ள கையில் பிடிப்பதும் முறையாகும்.

● உதவி: 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், உடற்பயிற்சியால் இயக்கத்தை மீட்கும் இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே கிடைப்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.

● பேணுபவர்: இவ்வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலை வேலையையும் வீட்டுப் பணிவிடையையும் ஒருவரே சுமப்பின் அவரும் நோயுறக்கூடும் என்பதால், இரவு முறையையேனும் உறவினர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

● எச்சரிக்கை: முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் மீண்டும் தோன்றின், தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.