பன்னிரண்டு லட்சம் வரை கணக்கே காட்ட வேண்டாமா?

செங்கம் சாலையில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், மாட வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யாரைப் பார்த்தாலும் இந்த ஆண்டு ஒரே பேச்சுதான். "அதான் பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு சார் ரிட்டர்ன்?" வரி கட்ட வேண்டியதில்லை என்றால் கணக்கும் காட்ட வேண்டியதில்லை என்று இவர்களுக்குச் சொன்னது யார்? படித்தவர்களே இப்படிப் பேசும்போது கோபம்தான் வருகிறது.

2025 பட்ஜெட் சொன்னது இதுதான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம்; 8 முதல் 12 வரை 10 சதவீதம். கூட்டிப் பாருங்கள்: 12 லட்சம் வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரி விழுகிறது. அந்த 60,000த்தை 87ஏ பிரிவின் கீழ் தள்ளுபடி செய்கிறார்கள். முதலில் வரி, அப்புறம்தான் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்கும் இடம் ரிட்டர்ன். ஆகவே தாக்கல் செய்யும் கடமை 12 லட்சத்தில் அல்ல, 4 லட்சத்தைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு இன்னும் முன்னதாக, 60 வயதுக்குக் கீழே என்றால் 2.5 லட்சத்திலேயே.

ரமணாசிரமம் பக்கம் வீடு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 50,000 என்றால் வருடத்துக்கு 6 லட்சம். வீட்டு வரியை விட்டுவிட்டு, 30 சதவீதக் கழிவு போனால் மிச்சம் 4,20,000. வரி 1,000 ரூபாய்; தள்ளுபடிக்குப் பிறகு பூஜ்யம். இவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். கெடு தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தும் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டியவருக்கு அதுவே 5,000.

இதைவிட மோசம், டீமேட் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளின் நிலை. சம்பளத்தில் கழிவு போக 8 லட்சம், சந்தையில் பங்குகளை வாங்கி ஓராண்டுக்குள் விற்றதில் லாபம் 1 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 9 லட்சம்தானே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீத வரி; அதற்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. செஸ்ஸோடு 20,800 ரூபாய் கட்ட வேண்டும்.

வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்தாலும் சிலர் தப்ப முடியாது. வருட மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், டிடிஎஸ் 25,000 ரூபாயை எட்டியவர் (மூத்த குடிமக்களுக்கு 50,000) எல்லாரும் தாக்கல் செய்ய வேண்டும். டிடிஎஸ் பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும். "அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கியே துறைக்குச் சொல்லிவிடும். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் வியாபாரம் செய்து வந்த காசும் அதில் சேர்த்திதான்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

"எப்படியும் தேதியை நீட்டுவாங்க." 2025இல் படிவங்களும் மென்பொருளும் தாமதமாக வந்ததால் செப்டம்பர் 15 வரை நீட்டி, மேலும் ஒரு நாள் கொடுத்தார்கள். அதை வருடாந்திர வழக்கமாக எண்ணிச் சம்பளக்காரர்கள் ஜூலை 31ஐக் கோட்டைவிட வேண்டாம்.

"சப்மிட் ஆயிடுச்சு, முடிஞ்சது." முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமாகவோ வேறு வழியிலோ சரிபார்க்க வேண்டும். தாமதமானால் சரிபார்த்த நாள்தான் தாக்கல் செய்த நாள். சரிபார்க்கவே இல்லையென்றால் அந்த ரிட்டர்ன் செல்லாது.

"புதுச் சட்டம் வந்துடுச்சு, எல்லாம் மாறிடுச்சு." 2025ஆம் ஆண்டின் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறை. 2025–26 வருமானத்துக்கு 1961 சட்டமே பொருந்தும். மென்பொருளில் மதிப்பீட்டு ஆண்டு 2026–27 என்று தேர்ந்தெடுங்கள்.

"கம்ப்யூட்டர் தானா நிரப்பினது தப்பா இருக்குமா?" இருக்கும். குடியிருப்பவர் கையில் கொடுத்த வாடகை அதில் வராது. கூட்டுக் கணக்கு வட்டி முதல் பெயர்க்காரர் தலையில் விழும். 26ஏஎஸ் படிவத்தையும் ஏஐஎஸ் அறிக்கையையும் எதிரே வைத்து ஒப்பிடுங்கள். துறையின் மென்பொருள் போடும் கணக்கும் வேதவாக்கு அல்ல. 2024 ஜூலை 5இல் அதை மாற்றி, பங்கு லாபத்துக்கு 87ஏ தள்ளுபடி கேட்கவே முடியாதபடி செய்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2025 ஜனவரி 15 வரை வாய்ப்புக் கிடைத்தது. அது பழைய ஆண்டுக்கான தகராறு. 2025–26 முதல் சட்டமே அந்தத் தள்ளுபடியைத் தெளிவாக விலக்கிவிட்டது.

கடைசியாக, நான் விடாமல் சண்டை போடும் விஷயம். பிரவுசிங் சென்டரில் தாக்கல் செய்து கொடுப்பவர் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் உங்கள் கணக்கில் போட்டுக்கொள்கிறார். "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், கமிஷன் கொடுங்க" என்பவர் இல்லாத நன்கொடையையும் இல்லாத வீட்டு வாடகையையும் எழுதிவிடுகிறார். 2025 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் நாடு முழுக்கச் சோதனை நடத்தியபோது இதைத்தான் சொன்னது: மொத்தமாகத் தாக்கல் செய்ய மட்டும் தற்காலிக மின்னஞ்சல்கள், பிறகு அவற்றைக் கைவிடுவது, வந்த நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடப்பது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றிருந்தார்கள். மாட்டும்போது பதில் சொல்ல வேண்டியவர் பேன் அட்டைக்காரர்தான், ஏஜென்ட் இல்லை.

உங்கள் கடவுச்சொல் இன்னொருவரிடம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓடிபி போதும், அவரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. உள்ளே போனதும் சுயவிவரப் பக்கத்தில் எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக்குங்கள். பிறகு நிலுவையில் உள்ள நடவடிக்கைகள் பகுதியைத் திறந்து, பதில் போடாத நோட்டீஸ் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள்.