பெர்காவ் அணை: நீதிமன்றம் எதைத் தவறு என்றது?

கேள்வி: கிளந்தானில் உள்ள பெர்காவ் நீர்மின் அணைக்குப் பிரிட்டன் தந்த உதவியை லண்டன் நீதிமன்றமே சட்டவிரோதம் என்று சொன்னதாமே? ஆயுத வியாபாரத்தோடு முடிச்சுப் போட்டதுதான் காரணமா?
— வாசகர், ஈப்போ

பதில்: நீங்கள் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். முடிச்சு இருந்தது உண்மை. 1988 மார்ச்சில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் கையெழுத்திட்ட ஆவணத்தில், மலேசியா வாங்கும் ஆயுதங்களின் மதிப்பில் 20 சதவீதம் உதவியாகத் தரப்படும் என்று இருந்தது. பிறகு கடிதம் எழுதி அந்த முடிச்சை அவிழ்த்தார்கள்; உதவி வாக்குறுதி மட்டும் அப்படியே நின்றது.

ஆனால் 1994 நவம்பர் தீர்ப்புக்கு அடிப்படை அதுவல்ல. பிரிட்டனின் 1980-ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டம், பிற நாட்டின் வளர்ச்சிக்கும் நலனுக்கும் செலவிடத்தான் அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. பொருளாதாரக் கணக்கில் தேறாத திட்டத்துக்குக் கொடுத்தால் அது வளர்ச்சிச் செலவாகாது. அதிகார வரம்பை மீறியதாகிவிடும். வழக்குத் தொடுத்த உலக வளர்ச்சி இயக்கம் வென்றது இந்த இடத்தில்தான்.

சரி, ஏன் தேறவில்லை? பெர்காவ் பெரிய ஆறு அல்ல. 600 மெகாவாட் நிலையம் கட்டினாலும் உச்சத்தேவை நேரத்தில், அதாவது ஊரே மின்சாரம் கேட்கும் சில மணி நேரங்களில், ஓட்டத்தான் தண்ணீர் போதும். மலேசியாவிடமோ இயற்கை எரிவாயு தாராளமாக இருந்தது. எரிவாயுச் சுழலிகளை வைத்தே அந்த மின்சாரத்தை மலிவாக எடுத்திருக்கலாம். போதாததற்கு, பிரிட்டன் வாக்குக் கொடுத்த சில வாரங்களிலேயே கட்டுமானச் செலவின் மதிப்பீடு 40 கோடி பவுண்டை நெருங்கியது.

இதையெல்லாம் உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லான்கெஸ்டர் அப்போதே எழுத்தில் எச்சரித்தார். துறைச் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அமைச்சர் எழுத்து மூலம் உத்தரவிட்டால்தான் பணத்தை விடுவிக்க முடியும் என்று நின்றார். இந்த விவகாரத்தில் என் மரியாதை முழுவதும் அவருக்குத்தான். பிரதமர் தாட்சர் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று 1991-இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் 23.4 கோடி பவுண்டுக்கு ஒப்புதல் தந்தார். அந்த ஒப்புதல்தான் செல்லாமல் போனது, அணை அல்ல.

தீர்ப்புக்குப் பிறகும் மலேசியாவுக்குப் பணம் நிற்கவில்லை. உதவிக் கணக்கை விட்டு அரசின் வேறு நிதியிலிருந்து போனது. வெளிநாட்டு உதவி வறுமையைக் குறைக்க உதவ வேண்டும் என்று பிரிட்டன் 2002-இல் புதிய சட்டம் இயற்றியது.