பெட்டியைக் கட்டுமுன் சட்டத்தைப் படிப்போம்



சென்ற ஆண்டு கரமனையிலுள்ள என் அத்தை வீட்டில் ஒரு சிறு பூசல் நேர்ந்தது. அதற்குக் காரணமானவன் நானே. அத்தான் வேலைக்காகச் சார்ஜாவுக்குப் புறப்படவிருந்தார். குருமாவுக்கு ஆகும் என்று சாலைக் கடைத்தெருவில் அரைக் கிலோ கசகசா வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார் அத்தை. அண்டை வீட்டு அம்மையாரோ, அங்கே இருக்கும் தம் மகனுக்கென்று துணியால் தைத்த பொதி ஒன்றைக் கொடுத்திருந்தார். கசகசாவை எடுத்து வெளியே வைத்தேன். பொதியையும் பிரிக்க வேண்டும் என்றேன். “ஏன் தம்பி, எங்கள் மேலேயே சந்தேகமா?” என்று அவர் முகம் வாடிற்று. ஆயினும் பிரித்தோம். ஏத்தங்காய் வறுவல், மாங்காய் ஊறுகாய், அவற்றோடு இருமல் மருந்துப் புட்டிகள் இரண்டு. மருந்தின் சீட்டில் ‘கோடீன்’ என்றிருந்தது.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் வினவலாம். இங்கே குற்றமில்லை, அங்கே உண்டு. கசகசா அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு நாட்டிலும் சவூதி அரேபியாவிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். கோடீன் அபினியின் இனத்தைச் சேர்ந்தது. மருத்துவர் சீட்டும் அந்நாட்டு நலத்துறையின் முன் அனுமதியும் இன்றி அதனை ஐக்கிய அரபு நாட்டுக்குள் கொண்டு செல்லலாகாது. நம் அடுக்களைப் பொருள் அயல்நாட்டுச் சுங்கச் சாவடியில் போதைப் பொருளாகிவிடுகிறது!

இதிலிருந்து பெறும் முதற் பாடம்: மனிதன் தன் நாட்டுச் சட்டத்தைக் கையோடு கொண்டு செல்ல முடியாது. எந்த மண்ணில் நிற்கிறானோ, அந்த மண்ணின் சட்டமே அவனை ஆளும். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு பாருங்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டப்படி, ஒரு கிலோ வரையிலான கஞ்சா ‘சிறு அளவு’. அதற்குத் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரிலோ 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. ஹெராயின் 15 கிராமைக் கடந்தாலும் அதுவே. பெட்டி உன்னுடையதாயின், உள்ளிருப்பதும் உனக்குத் தெரியும் என்றே அந்நாட்டுச் சட்டம் முதலில் கொள்ளும். தெரியாது என்பதை நீயே மெய்ப்பிக்க வேண்டும். துணிப் பொதியைப் பிரிக்கச் சொன்னது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இரண்டாவது பாடம்: நமக்குச் சிறியதாகத் தோன்றுவது பிறர்க்குப் பெரியதாகலாம். 1994-இல் சிங்கப்பூரில் கார்கள் மீது சாயம் தெளித்த 18 வயது அமெரிக்க இளைஞன் ஒருவனுக்குப் பிரம்படி விதிக்கப்பட்டது. அமெரிக்க அதிபர் கிளிண்டனே வேண்டியும், ஆறு அடி நான்காகக் குறைந்ததேயன்றி, நீங்கவில்லை. அண்டையிலுள்ள இலங்கையிலும், 2012-இல் புத்தர் சிலையை முத்தமிடுவது போல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவர் காலியில் தண்டிக்கப்பட்டனர். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் சிறை செல்லாது தப்பினர்.

அயல்நாட்டாரை மட்டும் குறை கூறுவது முறையாகுமா? நம் ஊருக்கு வருவோர்க்கும் இத்தகைய பாடம் உண்டு. பத்மநாப சுவாமி கோயிலில் ஆடவர் சட்டை களைந்தே உள்ளே செல்ல வேண்டும். அது கோயில் வழக்கம். தவறினால் உள்ளே விடமாட்டார்கள், அவ்வளவே. ஆனால் பொது இடத்தில் புகைப்பது சட்டத்தின்பாற்பட்டது. அதனைத் தண்டனைக்குரியது என்று கேரள உயர்நீதிமன்றம் 1999-இலேயே தீர்ப்பளித்தது. 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள தடையின்படி 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. கோவளம் கடற்கரைக்கு வருபவர், “எங்கள் ஊரில் இப்படி இல்லையே” என்றால் நாம் ஏற்போமா?

மூன்றாவது பாடம், இடர் நேர்ந்தபின் செய்ய வேண்டியது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு, அயல்நாட்டில் கைதானவனுக்குத் தன் நாட்டுத் தூதரகத்துடன் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தருகிறது. பாகிஸ்தான் இவ்வுரிமையை மீறியது என்று 2019-இல் உலக நீதிமன்றம் இந்தியாவின் வழக்கில் தீர்ப்புரைத்தது. ஆகையால் தூதரகத்துக்கு அறிவிக்குமாறு வாய்விட்டுக் கேளுங்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இடாதீர்கள். தூதர் சிறைக்கு வந்து காண்பார். வழக்கறிஞரை அமர்த்த உதவுவார். ஆனால் தண்டனையை நீக்க அவரால் இயலாது.

நம்மில் பலர் பட்டம் பெற்றதும் கடல் கடக்கக் காத்திருப்பவர்கள். நம் நகரில் தைக்காட்டிலேயே நோர்க்கா அலுவலகம் இருக்கிறது. செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளும் எளிதில் கிடைக்கின்றன. தேர்வுக்கு எத்தனையோ பக்கம் படிக்கும் நாம், வாழ்வுக்கு இரண்டு பக்கம் படிக்கலாகாதா?

அண்டை வீட்டு அம்மையார் இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் வறுவலையும் ஊறுகாயையும் மட்டும் மீண்டும் கட்டிக் கொடுத்தார். வாடிய முகம் மூன்று நாளில் மலர்ந்துவிட்டது. சிறையில் வாடும் இளமை மீண்டும் மலருமா? எண்ணிப் பாருங்கள், நண்பர்களே!