பகைவர் குழுவைப் படைத்தல்

மாணவர்களே, சென்ற பருவத்தில் உங்களுக்கு ஒரு கட்டுரைப் பணி தந்தேன். விந்தை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, போட்டியிடச் செய்யும் காணொளி விளையாட்டு ஒன்றுக்குப் புதியதொரு பகைவர் குழுவைக் கற்பனை செய்து எழுதுக என்பதே அப்பணி. நீங்கள் ஆர்வத்துடன் எழுதினீர்கள். ஆயினும் பெரும்பாலான விடைகளில் பகைவரின் ஒளிவிடம் தாராவியின் குறுகிய சந்து ஒன்றில் இருந்தது. அவற்றை எழுதியவர்களுள் பலர் தாராவியிலேயே வாழ்பவர்கள். சிவப்பு மைப் பேனாவைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் அவ்வாறு எழுதினீர்கள் என்று வகுப்பில் வினவியபோது, "படத்தில் அப்படித்தானே சார் காட்டுகிறார்கள்" என்று ஒருவர் விடை கூறினார். அது உண்மையே. 1987ஆம் ஆண்டு வெளிவந்த 'நாயகன்' திரைப்படம் தாராவியைத் தமிழ்நாட்டார் மனத்தில் பதித்தது. ஆனால் அப்படத்தில் நாம் கண்ட தாராவியின் பெரும்பகுதி, கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் அமைத்த அரங்கு. அங்கு வாழும் நீங்களோ உங்கள் தெருவை நன்கு அறிவீர்கள். குயவர்கள் பானை வனையும் கும்பார்வாடாவை அறிவீர்கள். பழைய நெகிழிப் பொருள்களைத் தரம் பிரிக்கும் பட்டறைகளை அறிவீர்கள். விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் சுமந்து செல்வோரை அறிவீர்கள். அத்தகைய தெருவில் ஒரு மறைகுழு வந்து தங்கினால், மாலைக்குள் நான்கு அக்காமார் "யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். ஒளிந்திருக்க அதனினும் தகாத இடம் இந்நகரில் இல்லை!

இனிப் பாடத்திற்குள் செல்வோம். இவ்வகை விளையாட்டுகளுள் புகழ்பெற்றது போக்கிமான். ஜப்பானில் 1996ஆம் ஆண்டு இது முதன்முதலில் வெளிவந்தது. இதனை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். அவர் வளர்ந்த தோக்கியோப் புறநகரில் வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறியபின், அந்த இன்பத்தைப் பிற்காலக் குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே தர எண்ணினார்.

முதல் விளையாட்டில் வரும் ராக்கெட் குழுவினர் வெறும் திருடர்கள். உயிரினங்களைக் கவர்ந்து பணம் ஈட்டுவர். 2002இல் வந்த விளையாட்டுகளில் பகைவர் சற்று ஆழம் பெற்றனர். மேக்மா குழு நிலத்தை விரிக்க விழைந்தது. அக்குவா குழு கடலை விரிக்க விழைந்தது. ஒவ்வொன்றும் தன் செயல் உலகுக்கு நன்மை பயக்கும் என்றே நம்பியது. 2010இல் வந்த பிளாஸ்மா குழுவோ மனிதரிடமிருந்து உயிரினங்களை விடுவிக்க வேண்டும் என முழங்கியது. என் என்னும் ஒற்றையெழுத்துப் பெயர் கொண்ட இளைஞன் அதனை மெய்யாகவே நம்பினான். அவனை வளர்த்த கெட்சிஸ், பிறர் அனைவரும் தம் உயிரினங்களைத் துறந்தபின் தான் மட்டும் அவற்றை ஆள எண்ணினான். ஒரே கொடியின் கீழ் நம்புபவன் ஒருவன், ஏய்ப்பவன் ஒருவன். என் கருத்தில் இவ்வரிசையில் மிகச் சிறந்த படைப்பு இதுவே. 2022இல் வந்த ஸ்டார் குழுவினர் பள்ளியில் பிறரால் துன்புறுத்தப்பட்ட மாணவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது.

தமிழிலும் இத்தகைய குழு உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்தில் வரும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் நள்ளிரவில் திருப்புறம்பயம் பள்ளிப்படையில் கூடுகிறார்கள். தம் மன்னன் வீரபாண்டியனை ஆதித்த கரிகாலன் கொன்றான் என்பது அவர்தம் சினம். அச்சினத்திற்கு ஒரு நியாயம் உண்டு. அதனைத் தீர்க்க அவர்கள் தேர்ந்த வழியே கொடியது. கல்கி இதனை முற்றிலும் கற்பனையாகப் புனையவில்லை. கரிகாலனைக் கொன்றவர்களாக ரவிதாசன், சோமன் முதலியோரின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளன.

ஆகவே, பகைவரைப் படைக்கத் தொடங்கும்போது "இவர்களுக்கு நேர்ந்த இழப்பு யாது?" என்பதே முதல் வினாவாகட்டும். உடை, கொடி, முழக்கம் ஆகியவை பின்னர்த் தாமே வரும். நீங்களோ உடையிலிருந்து தொடங்கினீர்கள். பதினொரு விடைகளில் கறுப்பு மேலங்கி!

நம் நகரையே களமாகக் கொண்டு ஒரு குழுவைப் படைத்துப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கடலில் ஓதம் உயர்ந்திருந்தமையால் மழைநீர் வடிய வழியில்லை. மித்தி ஆறு கரை புரண்டது. நீங்கள் பிறக்குமுன் நிகழ்ந்தது அது. எனினும் இடுப்பளவு நீரில் நடந்து வீடு சேர்ந்த கதையை உங்கள் பெற்றோரிடம் கேட்டிருப்பீர்கள். அவ்வெள்ளத்தில் வீட்டையும் தான் வளர்த்த உயிரினத்தையும் இழந்த ஒரு பெண்ணை நம் தலைவி ஆக்குவோம். இனி ஒருவரும் அவ்வாறு இழக்கலாகாது என அவள் உறுதி பூணுகிறாள். அவளைப் பின்பற்றுவோர் 'கரை காப்போர்' எனப் பெயர் பூண்டு, மஞ்சள் நிற மழையங்கி அணிகின்றனர்.

அவர்களின் திட்டம் இது: ஆற்றின் இருபுறமும் உயர்ந்த மதில் எழுப்புதல்; மாகிம் வளைகுடாவில் உள்ள அலையாத்திக் காட்டை வெட்டி நிலமாக்குதல்; அங்குள்ள உயிரினங்களைப் 'பாதுகாப்பாக'ப் பெட்டிகளில் அடைத்தல்.

இங்கு ஒரு சொல்லைக் காண்க. அலையை ஆற்றும் காடு ஆதலின் 'அலையாத்தி' எனப் பெயர் பெற்றது என்பர். கண்டல் என்பதும் இத்தகைய மரத்தின் பழம்பெயரே. அதன் பின்னிய வேர்கள் அலையின் விசையைக் குறைத்து, கரை மண்ணைப் பற்றி நிறுத்தும். அதனை வெட்டிவிட்டு மதில் எழுப்பினால், மதிலுக்கு உள்ளே பெய்த மழை எங்கே செல்லும்? தலைவி எதனை அஞ்சினாளோ, அதனை அவளே கட்டிக் கொண்டிருக்கிறாள். இதனை அவள் அறியாள். அவளுடைய கணக்கர் அறிவார். அக்காடு நிலமானபின் அதனை விற்பதற்கு அவர் முன்பணமும் பெற்றுவிட்டார்.

கரை காப்போரை ஆட்டக்காரர் முதன்முதலில் சந்திக்கும் காட்சி மிகவும் இன்றியமையாதது. அங்குச் சண்டை வேண்டா. தொடக்க ஊரில் மழையில் நனைந்து நிற்கும் ஆட்டக்காரருக்கு மஞ்சள் அங்கி அணிந்த ஒருவர், "பிடி தம்பி, நனையாதே" என்று தன் குடையைத் தரட்டும். பின்னர்ப் பாலத்தின் மேல் அதே மனிதர் எதிர்நிற்கும்போது ஆட்டக்காரரின் விரல் சற்றுத் தயங்கும்.

அவர்களின் உயிரினங்களுக்குப் பெயர் வேண்டுமல்லவா? ஓடு முழுதும் சிமெண்டு படிந்த ஆமை ஒன்றை வரைந்து, அதற்குக் 'கல்லாமை' என்று பெயரிட்டேன். கல் + ஆமை என்றும் பிரிக்கலாம். திருக்குறளின் 41ஆம் அதிகாரத்தையும் நினைக்கலாம். எதிரணியில் தாணே கழிமுகத்திற்கு ஆண்டுதோறும் வரும் பூநாரையும், சேற்றில் துள்ளும் சிறு மீனும் இடம்பெறட்டும்.

இறுதிக் காட்சியில் ஓதமும் பெருமழையும் ஒருங்கே வருகின்றன. மதிலுக்குள் நீர் ஏறுகிறது. முதலில் மூழ்குபவை கரை காப்போரின் குடும்பங்கள் வாழும் வீடுகளே. ஆட்டக்காரர் போரிட வேண்டியது கணக்கரோடு. மதகைத் திறப்பவள் தலைவியாக இருக்கட்டும். அவளால் அது இயலுமா என்பதை எழுதாமல் உங்களுக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

பயிற்சி

1. தலைவி மதகின் முன் நின்று கணக்கரிடம் பேசுவதைப் பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக.

2. 'கல்லாமை' போன்று இரு வகையாகப் பொருள்படும் பெயர்கள் மூன்றினை உருவாக்குக. வீட்டில் பாட்டி அல்லது தாத்தாவின் உதவியைப் பெறலாம்.

3. உங்கள் பழைய விடையை எடுத்து, உங்கள் பகைவர் குழுவுக்கு நேர்ந்த இழப்பை ஒரு பத்தியில் சேர்த்து எழுதுக. ஒளிவிடம் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கலாம், தடையில்லை. அவ்வாறாயின், அந்தத் தெருவில் அவர்களை முதலில் அடையாளம் கண்டுகொள்பவர் யார் என்பதையும் எழுதுக.