கடின நீரும் வீட்டுச் சாதனங்களும்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவில் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்திற்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவதை நாம் அறிவோம். அத்தகைய நாட்களில் தேநீர்க் கடைப் பாய்லர்கள் ஓய்வின்றிக் கொதிக்கின்றன. கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ நாள்தோறும் காய்ச்சும் பாய்லரைத் திறந்து பார்த்தால், சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்ணிறப் படிவு உட்புறத்தில் ஒட்டியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். நம் வீடுகளில் உள்ள வெந்நீர்ச் சாதனம், மின்கெட்டில், சலவை இயந்திரம் ஆகியவற்றினுள்ளும் இதே படிவு உண்டாகிறது.

கடன் பட்டு வாங்கிய சாதனம் விரைவில் பழுதடைந்தால், நாம் சாதனத்தையே குறை கூறுகிறோம், வேறொன்றை வாங்குகிறோம். அதுவும் முன்னதன் வழியே செல்கிறது. நோய் நீரில் இருக்க, மருந்தைச் சாதனத்தில் தேடுவதால் பயன் யாது?

நீர் கடினமாவது எவ்வாறு?

மழைநீர் மென்னீர். அது மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்றுப் பாறையிலுள்ள சுண்ணச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொள்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடும்பாறை நிலம். இங்கு நீர் பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கி ஊறுகிறது. ஆகவே ஒரு கிணற்று நீர் மென்மையாகவும், அடுத்த கிணற்று நீர் கடினமாகவும் இருத்தல் கூடும்.

கடினம் இருவகைப்படும். காய்ச்சினால் நீங்குவது நிலையற்ற கடினம். காய்ச்சினாலும் நீங்காதது நிலையான கடினம். முதல் வகை நீரைச் சூடாக்கும்போது கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் கல்லாகப் படிகிறது. சாதனங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இதுவே.

நஷ்டக் கணக்கு

ஒரு லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினமுள்ள நீரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 லிட்டர் வெந்நீர் காய்ச்சும் குடும்பத்தின் சாதனத்திற்குள் 8 கிராம் கடினப் பொருள் செல்கிறது. ஓராண்டில் இது 2.9 கிலோவாகும். இதில் ஒரு பகுதியே படிகிறது எனினும், அப்பகுதியே கேடு செய்யப் போதுமானது. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே சூட்டுக் கம்பியின் வெப்பம் நீருக்குச் செல்லாமல் தடைபடுகிறது, மின்சாரம் வீணாகிறது, கம்பியும் மிகையாகச் சூடேறிக் கருகிப் போகிறது.

சோப்பின் செலவும் சிறிதன்று. ஒரு கிராம் கடினம் ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பைப் பயனற்ற அழுக்குத் திரளாக மாற்றிவிடும். மேற்கூறிய நீர் ஒரு வாளி, அதாவது 10 லிட்டர், எடுத்தால் நுரை தோன்றுமுன்னரே சுமார் 24 கிராம் சோப்பு வீணாகும். துணி துவைக்கும் பெண்களின் உழைப்பும் அதனோடு சேர்ந்து வீணாகிறது. தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்களின் துளை அடைபடுவதற்கும் இவ்வுப்பே ஒரு காரணமாகும்.

முதலில் சோதனை, பின்னரே செலவு

நீரின் அளவை அறியாமல் விலையுயர்ந்த கருவி வாங்குதல், நிலத்தைப் பாராமல் விதை வாங்குவதை ஒக்கும். ஒரே அளவான இரு புட்டிகளில், ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் குழாய் நீரும் சம அளவு ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலைச் சேர்த்துக் குலுக்குக. நுரை குறைவாக நிற்கும் நீர் கடின நீர்.

திட்டமான அளவை அறியக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடம் உதவும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ்க் கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்துக் களச் சோதனைப் பெட்டியும் வழங்கும் ஏற்பாடு உண்டு. 2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரம் 200 மில்லிகிராம் கடினத்தை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை இடமளிக்கிறது. கடினத்திற்கென உடல்நல அளவில் வரம்பு எதையும் உலகச் சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. ஆதலின் கடினத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றைத் தனியே சோதித்தறிவது அவசியம்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. வெந்நீர்ச் சாதனத்தை 60 பாகைக்கு மேல் சூடேற்றாதிருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் படிவும் மிகும்.

2. மின்கெட்டிலில் நீர் நிரப்பிச் சிறிது எலுமிச்சை உப்பு இட்டுக் காய்ச்சி, மின் இணைப்பை நீக்கி, சற்றுநேரம் ஊறவிட்டுக் கழுவுக. கழிவறைக்கான அமிலத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. அது உலோகத்தை அரித்துவிடும்.

3. பருத்தித் துணி துவைக்கும் நீரில் சலவைச் சோடாவைச் சிறிது முன்னதாகக் கரைத்தால் சோப்பு மிச்சமாகும். அந்நீர் குடிப்பதற்கன்று.

4. இன்வெர்ட்டர் பேட்டரியில் குழாய் நீரை ஊற்றாமல், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக.

5. உப்பிட்டுப் புதுப்பிக்கும் மென்னீர்க் கருவியை வைப்போர், அதன் உவர்க் கழிவு வயலிலோ கிணற்றருகிலோ பாயாதவாறு காத்தல் வேண்டும்.

கூரை தரும் மென்னீர்

எல்லாவற்றினும் மலிவான மென்னீர் மழையே. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 30 சதுர மீட்டர் கூரையில் 30,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 24,000 லிட்டர் மிஞ்சும். முதல் மழையைக் கழித்துவிட்டு, மூடிய தொட்டியில் தேக்கும் அளவை வெந்நீருக்கும் சலவைக்கும் ஒதுக்கலாம். தொட்டிக்கு மிஞ்சியதைக் கிணற்றருகே நிலத்துள் இறக்கலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

ஒவ்வொரு ஆழ்குழாய்க் கிணற்றின் நீரையும் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் சோதித்து, அளவைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மென்மை மிகுந்த கிணற்றின் நீரை மேல்நிலைத் தொட்டிக்கு முதலில் ஏற்றலாம். ஏரியும் வரத்துக் கால்வாயும் தூர்வாரப்பட்டால் நிலத்தடியில் மழைநீர் கலந்து, கடினம் காலப்போக்கில் குறைய வாய்ப்புண்டு.

2022 முதல் மார்ச் 22-ஆம் நாளும் கிராம சபை கூடும் நாளாக உள்ளது. அது உலகத் தண்ணீர் தினம். அன்று வரவு செலவுக் கணக்குடன் நம் கிணறுகளின் கடினக் கணக்கும் படிக்கப்படுமாயின், அடுத்த சாதனம் வாங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் தன் நீரை அறிந்திருக்கும்.