எஸ்தோனியாவின் நூறு

கேள்வி: தாலின் நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே நூறு என்பதற்கு ‘சத’ என்கிறார்கள் என்றான். கிரிக்கெட்டில் அடிக்கிறார்களே, அந்தச் சதம்தானே இது? தமிழிலிருந்து போயிருக்குமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உறவு உண்டு, தமிழ் வழியாக அல்ல. நம் சொந்தச் சொல் நூறு. ‘சதம்’ நமக்குச் சமஸ்கிருதம் தந்தது. எஸ்தோனியருக்கும் அது இரவல்தான். ஆனால் அவர்கள் வாங்கியது சமஸ்கிருதத்துக்கும் மூத்த இந்தோ-ஈரானிய மொழியிலிருந்து.

ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து இப்படிச் சொல்லிவிட முடியாது. (அப்படிச் சொல்லித் தடுக்கி விழுந்தவர்கள் நம்மூரிலேயே நிறைய.) இந்தோ-ஐரோப்பிய மூதாதை மொழியில், நூற்றைக் குறித்த சொல் ககர ஒலியில் தொடங்கியது, நடுவே ஒரு மூக்கொலியும் இருந்தது. லத்தீனின் ‘கென்டும்’, ஜெர்மனின் ‘ஹுண்டர்ட்’, லிதுவேனியத்தின் ‘ஷிம்தாஸ்’ மூன்றிலும் அந்த மூக்கொலி தங்கிவிட்டது. கிரேக்கத்தின் ‘ஹெகதோன்’ அதை இழந்தது, ககரத்தை விடவில்லை. இந்தோ-ஈரானியத்தில் ககரம் சகரச் சாயல் பெற்றது, மூக்கொலி கரைந்து அகரமாயிற்று: சமஸ்கிருதத்தில் சதம், அவெஸ்தாவில் ‘சதெம்’. எஸ்தோனியச் சொல்லில் இந்த இரண்டு அடையாளமும் இருக்கின்றன. ரஷ்யரின் ‘ஸ்தோ’ கிட்டே வருகிறது. அதன் பழைய உயிரொலி உகரச் சாயல் கொண்டது, எனவே அதுவும் ஆகாது. பக்கத்திலிருக்கும் பால்டிக் மொழிக்காரர்கள் கொடுத்திருந்தால் மூக்கொலியும் கூடவே வந்திருக்கும்.

இன்னொரு சாட்சி எஸ்தோனியத்தின் உறவு மொழிகள். ஹங்கேரியத்தில் ‘சாஸ்’, வோல்காப் பக்கத்து எர்சியாவில் ‘சியாதோ’. இம்மொழிகள் பிரிந்து விலகுவதற்கு முன்னரோ, விலகத் தொடங்கிய காலத்திலோ சொல் உள்ளே புகுந்திருக்க வேண்டும். யூரல் மலைக்குத் தெற்கே புல்வெளிகளில் கால்நடை மேய்த்தவர்களிடம், கி.மு. 2000-ஐ ஒட்டி இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கலாம். எண் மட்டும் போகவில்லை: எஸ்தோனியத்தில் சுத்தியலுக்கு ‘வசர்’ என்று பெயர். இந்திரன் கையிலிருக்கும் வஜ்ரம், அங்கே பட்டறைச் சாமானாகிவிட்டது!

உங்கள் மகன் கடையில் வாங்கும் மீதிச் சில்லறையில் இன்னொரு பங்காளி இருக்கிறான். யூரோவின் நூற்றில் ஒரு பங்கை எஸ்தோனியர் ‘சென்ட்’ என்கிறார்கள். அது லத்தீன் ‘கென்டும்’ வழி வந்தது. இலங்கைத் தமிழர் தங்கள் ரூபாயின் சென்ட்டைச் ‘சதம்’ என்றே எண்ணுகிறார்கள்.