முதலில் வாயைப் பாருங்கள்

வயதான குதிரை இளைத்தால் எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிருச்சு, இனி அப்படித்தான்." அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய செவலைப் பெட்டைக் குதிரையை கோபிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பல வருடமாக வளர்க்கிறேன். அதன் முதுமையைக் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. கிழக் குதிரை இளைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் வாய்க்குள் இருக்கிறது. காடியில் தீவனத்தைக் கூட்டுவதற்கு முன் வாயைப் பார்க்க வேண்டும்.

நம் பல்லைப் போல குதிரையின் பல் ஒரேயடியாக முளைத்து நின்றுவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். மேலே தேயத் தேய, வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை உள்ளிருந்து வெளியே வரும். 25 வயதைத் தாண்டி 30-ஐ நெருங்கும்போது அந்த இருப்பு தீர்ந்துபோகும். இன்னொரு சங்கதி, மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்க ஓரமும், கீழ்ப் பல்லின் நாக்குப் பக்க ஓரமும் உரசலுக்குத் தப்பிக் கூராகிவிடும். கன்னமும் நாக்கும் அறுபடும். வலிக்குப் பயந்து குதிரை தாடையைப் பக்கவாட்டில் முழுதாக அசைக்காது. அசைக்காததால் பல் மேலும் கோணலாகத் தேயும்.

சந்தையில் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். மேல் முன்பல் வரிசையின் ஓரப் பல்லில் பழுப்பு நிறக் கோடு ஒன்று 10 வயது வாக்கில் ஈறிலிருந்து இறங்கத் தொடங்கும். 20 வயதில் பல்லின் முழு நீளத்துக்கும் வந்துவிடும். பிறகு மேலிருந்து மறையும். எங்கள் செவலைக்குக் கோட்டின் கீழ்ப்பாதி மட்டும்தான் மிச்சம். ஆனால் வயது பார்ப்பவர்கள் முன்பல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுழி பார்க்கச் செலவிடும் நேரத்தில் கால்வாசியைக் கடைவாய்க்குக் கொடுத்தால் எத்தனையோ குதிரைகள் தப்பிக்கும்.

வாயைத் திறக்காமலே தெரிந்துகொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று லத்தி. லாயத்தைக் கூட்டும்போது ஒரு லத்தியை எடுத்து உடைத்துப் பார்ப்பேன். நன்றாக மென்றிருந்தால் நார் பொடிப்பொடியாக இருக்கும். விரல் கணு நீளத்துக்கு நார் கிடந்தாலோ, கொள்ளு முழுசாக வந்தாலோ பல் வேலை செய்யவில்லை. இரண்டாவது, காடிக்குக் கீழே உள்ள தரை. மென்று முடிக்க முடியாத புல்லைக் குதிரை கீழே தள்ளிவிடும்; எச்சிலில் ஊறி, சுருட்டுப் போலத் திரண்டு கிடக்கும். அதோடு ஒரு மூக்கிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் சளிக்கு மருந்து தேட வேண்டாம். மேல்தாடையின் பின்பக்கப் பற்களின் வேர் சைனஸ் அறைக்குள் இருக்கிறது. வேர் சீழ் பிடித்தால் அது மூக்கு வழியாகத்தான் வடியும்.

செவலை இளைக்கத் தொடங்கியபோது எங்கள் குதிரைக்காரர், "ஏனுங்க, கொள்ளைக் கூட்டி வெச்சாத் தேறீருமுங்க" என்றார். வந்து பார்த்த மருத்துவர் அம்மா அவரிடம் சொன்னார்: "கொள்ளு பத்தாம இல்லைங்கண்ணா. அதை அரைக்கப் பல்லுதான் பத்தலை."

மயக்க ஊசி போட்டு, தலை தொங்கியதும் தாடைகளை விரித்துப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டினார். டார்ச் வெளிச்சத்தில் நானும் எட்டிப் பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் புண். பின்னால் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்து, புல் இறுகி அழுகியிருந்தது. அதை அவர் நோண்டி எடுத்தபோது கிளம்பிய நாற்றத்தில் குதிரைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடைவெளியைக் கழுவிவிட்டு, நீளக் கைப்பிடி அரத்தால் கூர்முனைகளை மட்டும் ராவினார். கிழக் குதிரைக்கு அதற்கு மேல் ராவக்கூடாது. பல்லை வழவழப்பாக்கினால் மீதியிருக்கும் அரைக்கும் பரப்பும் போய்விடும். புதிதாக வளர்ந்து வர உள்ளே இருப்பு கிடையாது. ஊசி போடாமல், ஆளை வைத்து அமுக்கிப் பிடித்து ராவுகிறேன் என்று வருபவர்களை லாயத்துக்குள் விடாதீர்கள். வருடம் ஒரு முறை என்ற கணக்கு நடுவயதுக் குதிரைக்கு. 20 தாண்டியதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது.

பல்லைச் சீராக்கலாம், தேய்ந்த பல்லைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பல் அரைக்கும் வேலையை இனி நம் கைதான் செய்ய வேண்டும். சோளத்தட்டை நீளமாகப் போடுவதை நிறுத்திவிட்டோம். காய்ந்த குதிரைமசாலைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்துக் கூழ்போலக் கொடுக்கிறோம். கொள்ளை வேகவைத்து மசித்துக் கலப்போம். கடையில் வாங்கும் குச்சித் தீவனமும் ஊறி உடைந்த பிறகுதான் காடிக்குப் போகும். உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர் தீவனம் ஒரு நாளைக்கு உள்ளே போக வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது, அதனால் நான்கைந்து வேளையாகப் பிரித்து வைக்கிறோம். எந்த மாற்றத்தையும் பத்து நாளாவது எடுத்து மெதுவாகச் செய்யுங்கள். அவசரப்பட்டால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

"இளைத்தவனுக்கு எள்ளு" என்பது குதிரைக்கும் பொருந்தும். சதை பிடிக்க தானியத்தைவிட எண்ணெய் பாதுகாப்பானது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, இருந்தும் எண்ணெயை நன்றாகவே செரிக்கும். இரண்டு கரண்டியில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்ட வேண்டும்.

தவிட்டு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். மென்மையாக இருக்கிறதென்று கிழக் குதிரைக்குத் தவிட்டையே ஆகாரமாக்கிவிடுகிறார்கள். கோதுமைத் தவிடோ அரிசித் தவிடோ, இரண்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கூடவே கோ-4 புல்லும் கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் போட்டால் நிலைமை மோசமாகும். அந்தப் புற்களில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. எலும்பிலிருந்து சுண்ணாம்பு உருவப்பட்டு, முகம் வீங்கி, பல் ஆட்டம் காணும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதால்தான் அதை விடாமல் கொடுக்கிறேன். ஆட்டுக்குப் போடும் சவுண்டல் தழையை மட்டும் கலந்துவிடாதீர்கள், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

பல் போன குதிரைக்குப் பெரிய ஆபத்து தொண்டை அடைப்பு. மெல்லாமல் விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கி, மூக்கு வழியாகப் பச்சை நுரை வரும், கழுத்தை நீட்டி நீட்டி இருமும். மூச்சுக்குழாய் வேறு என்பதால் மூச்சு உடனே நின்றுவிடாது. தீவனத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி நிற்கவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். பதறிப்போய் மூங்கில் குழாயில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குப் போய்க் குதிரையைக் கொன்றுவிடும். அவதி அவதியாக விழுங்கும் குதிரைக்குக் காடியில் வாயில் கவ்வ முடியாத பெரிய உருண்டைக் கற்களைப் போட்டு வையுங்கள். விலக்கி விலக்கித்தான் தின்ன முடியும். காடி தரையோடு தாழ்வாக இருக்கட்டும். இளங்குதிரைகளோடு சேர்த்துத் தீவனம் வைத்தால் கிழத்துக்கு மிஞ்சாது.

தேறுகிறதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம், மயிர் ஏமாற்றும். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதாலேயே பெருக்கி, மார்பு முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் 312 கிலோ. மாதம் ஒரு முறை எழுதி வைக்கிறோம்.

வாய் சரியாக இருந்து, பூச்சி மருந்தும் கொடுத்து, தீவனமும் நன்றாகத் தின்று, அப்படியும் முதுகுச் சதை கரைகிறதா? கோடையிலும் மயிர் உதிராமல் நீளமாகச் சுருண்டு நிற்கிறதா? அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் விடுகிறதா? அது பல் சம்பந்தப்பட்டதே இல்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம், கிழக் குதிரைகளுக்கு அது சகஜம். அப்படிப்பட்ட குதிரைக்கு இனிப்பால் குளம்பு நோய் வந்து நிற்கவே முடியாமல் போகும். அன்றைக்கே வெல்ல உருண்டையை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.